கையேட்டில் போட்ட உயரம்

ஒரு மனிதன் நாளை என்னவாக நிற்பான் என்பதை இன்றைக்கே கண்டு சொல்லும் ஞானம் உலகத்தில் மிகச் சிலருக்கே அருளப்பட்டிருக்கிறது. பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகளுக்கு அது இருந்தது. அவர்களுக்குப் பிறகு, அமெரிக்காவின் தெற்கு ஜார்ஜியாவில் டோல்பர்ட் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில் ஃபுட்பால் பயிற்சியாளராக இருந்த ரூஃபஸ் டில்லார்டுக்கு இருந்தது. அவருடைய முறை எளிமையானது. பையனின் வீட்டுக்குப் போவார். அவன் அம்மா எவ்வளவு உயரம் என்று பார்ப்பார். திரும்பி வந்துவிடுவார்.

இதை அவர் தனக்கு மட்டும் கிடைத்த வெளிப்பாடாகச் சொல்லிக்கொண்டாலும், அந்தப் பக்கத்தில் பல்கலைக்கழகங்களுக்கு ஆள் பிடிக்க அலையும் எல்லாப் பயிற்சியாளர்களும் அதைத்தான் செய்தார்கள். அப்பனைப் பார்ப்பது வீண் என்பது அவர்கள் வேதம். பையனின் மணிக்கட்டைப் பார்ப்பார்கள், ஷூ அளவைக் கேட்பார்கள், தாடையில் இன்னும் மயிர் முளைக்கவில்லை என்றால் வளர்த்தி பாக்கி இருக்கிறது என்று மகிழ்வார்கள். கடைசியில் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். அங்கே நிற்கும் பெண்ணின் தலை, குளிர்சாதனப் பெட்டியின் உச்சிக்கு மேலே தெரிந்தால் உதவித்தொகை. கீழே தெரிந்தால் "தொடர்பில் இருப்போம்."

டெமெட்ரிக்கின் பிரச்சினை இதுதான். அவனுக்கு வயது பதினேழு, டில்லார்டின் அணியில் ஆடுவது கார்னர் இடத்தில். கார்னர் என்பவன், பந்தைப் பிடிக்க ஓடிவரும் எதிராளியை ஒட்டியே ஓடி மறிக்க வேண்டியவன். வருகிறவனுக்குத் தான் எங்கே போகிறோம் என்று தெரியும், கார்னருக்குத் தெரியாது. ஆகவே முகத்தை அவன் பக்கமே வைத்துக்கொண்டு பின்புறமாக ஓட வேண்டும், அவன் வெட்டித் திரும்பும் கணத்தில் தானும் இடுப்பை ஒடித்துத் திருப்பி அவனோடு பாய வேண்டும். அந்தத் திருப்பம் டெமெட்ரிக்குக்கு எண்ணெய் போட்ட கீல் போல வந்தது. "வேகம் நான் கத்துக்குடுப்பேன், மூளை எதிராளி கத்துக்குடுப்பான். இடுப்பு மட்டும் கர்த்தர் குடுக்கறது" என்று டில்லார்ட் பள்ளிக் கூட்டங்களில், டை கட்டிக்கொண்டு, கண்களை மூடியபடி சொல்வார். ஆனால் பெரிய பல்கலைக்கழகங்கள் இப்போதெல்லாம் இடுப்புக்கு மயங்குவதில்லை. ஆறடி உயரம் வேண்டும், தோளிலிருந்து நடுவிரல் நுனிவரை முப்பத்திரண்டு அங்குலக் கை வேண்டும். டெமெட்ரிக்கின் உயரம் பள்ளியின் ஆட்டக் கையேட்டில் ஐந்தடி பதினோரு அங்குலம். டில்லார்டின் தொலைபேசிப் பேச்சில் ஐந்தடி பத்து. வீட்டில் ஐந்தடி ஒன்பது. கையேட்டில் இரண்டு அங்குலம் கூட்டிப் போடுவதை அந்த ஊரில் யாரும் பொய்யென்று எண்ணுவதில்லை. அது ஒருவகை விசுவாசம்.

அந்த டிசம்பர் மாதத்துத் திங்கட்கிழமை பள்ளி முடிந்த பிறகு, டில்லார்ட் டெமெட்ரிக்கின் வீட்டுச் சமையலறையில் வந்து நின்றுகொண்டு, ஓர்லீனைக் காலிலிருந்து தலைவரை பார்த்துப் பெருமூச்சு விட்டார். அது ஒரு சாகுபடிக்காரன் நல்ல மழையைப் பார்த்து விடும் மூச்சு.

"சிஸ்டர் ஓர்லீன், நாளைக்கு யுனிவர்சிட்டி ஆள் வர்றார், ஒரே ஒரு நாள் நிமிர்ந்து நில்லுங்க. கர்த்தர் குடுத்த உயரத்தைக் கூன் போட்டு ஒளிக்கிறது நன்றிகெட்ட வேலை."

ஓர்லீன் ஐந்தடி பதினோரு அங்குலம். கையேட்டுக் கணக்கு இல்லை, நிஜம். பதினாலாம் எண் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவள். அந்த வேலையில் அவளுக்குப் பிடித்ததே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம் என்பதுதான். தேவாலயத்தில் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கக்கூடாது என்று கடைசி பெஞ்சில் உட்காருவாள். கல்யாணப் படத்தில் அவள் கணவன் லெமுவல் ஒரு படி மேலே நிற்கிறான். அப்படியும் அவன் காது அவள் கண்ணுக்கு நேராகத்தான் இருக்கிறது. வாங்கும் சட்டை எதுவும் அவள் மணிக்கட்டை எட்டியதில்லை. மளிகைக்கடையில் முன்பின் தெரியாத கிழவிகள் எல்லாம் "கொஞ்சம் அந்த மேல்தட்டு ஓட்ஸை எடும்மா" என்பார்கள்; எடுத்துக் கொடுப்பாள். நாற்பத்தேழு வருஷமாக அந்த உடம்பு ஊருக்கு ஒரு ஏணியாகப் பயன்பட்டதே தவிர, அதைப் பார்த்து ஒருவர் பெருமூச்சு விடுவது இதுதான் முதல் தடவை.

"நான் நிமிர்ந்தா என்ன, குனிஞ்சா என்ன, கோச்? அவன் என் வயித்துல பொறக்கலையே," என்றாள்.

"அதை யாரு கேட்டா?"

"வர்றவர் கேட்டா சொல்லிடுவேன்."

"அவர் எதுக்குக் கேக்கப் போறார்? ஒரு வீட்டுக்குப் போறோம். அடுப்படியில ஒரு பொம்பளை நிக்குது, மேசையில ஒரு பையன் தின்னுட்டிருக்கான். 'நீ இவனுக்கு அம்மாதானா'ன்னு யாராவது கேப்பாங்களா? போலீஸ்காரன்தான் கேப்பான்." டில்லார்ட் கையை மார்பில் வைத்துக்கொண்டார். அவர் சபையில் மூப்பர். பொய்க்கும் அவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு மெல்லிய திரை இருந்தாக வேண்டும். "நான் போன்ல என்ன சொன்னேன்? 'அவன் வீட்டுல இருக்கற அம்மாவைப் பாருங்க, கதவு நிலையை இடிச்சு உசத்தணும்பீங்க'ன்னேன். பெத்த அம்மான்னு ஒரு வார்த்தை வந்துச்சா? வரலை. என் மனசாட்சி சலவை பண்ணின சட்டை மாதிரி இருக்கு."

மூலையில் சாய்வு நாற்காலியில் இருந்த பையனின் அப்பா லெமுவல் தலையை நீட்டினான். கோழிப் பண்ணைகளுக்குத் தீவன லாரி ஓட்டுகிறவன். ஐந்தடி ஏழு.

"எனக்கு என்ன வேலை, கோச்?"

"நீங்க உக்காருங்க, பிரதர்."

"எப்போ?"

"மொத்த நேரமும். முதுகு வலின்னு சொல்லிக்கலாம்."

"எனக்கு முதுகு வலி இல்லையே."

"நாளைக்கு இருக்கும்," என்றார் டில்லார்ட், தீர்க்கதரிசனமாக.

டெமெட்ரிக் மேசையில் உட்கார்ந்து கிண்ணத்திலிருந்து பாலும் கார்ன்ஃப்ளேக்ஸும் தின்றுகொண்டிருந்தான். ஓர்லீன் அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் எதுவும் தெரியாது என்பது அவளுக்கு முன்பே தெரியும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் இந்த வீட்டுக்கு வந்த அன்று, எட்டு வயதுப் பையன் வாசலில் நின்று, "மிஸ் ஓர்லீன், உங்க பெட்டியை நான் தூக்கிட்டு வரேன்" என்றான். இழுக்க முடியாத பெட்டி, இழுத்தான். மரியாதைக்கு அன்றைக்கும் குறைவில்லை, அதற்குப் பிறகும் இல்லை. மிஸ் ஓர்லீன், என் சாக்ஸ் பாத்தீங்களா. மிஸ் ஓர்லீன், கையெழுத்துப் போடணும். மிஸ் ஓர்லீன், நன்றி. அவனைப் பெற்ற ஷவோன் ஜாக்சன்வில்லில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். சண்டையில்லாமல் பிரிந்துபோனவள், நல்ல மாதிரி, கிறிஸ்துமஸுக்கு ஓர்லீனுக்கும் சேர்த்துத்தான் கையுறை அனுப்புவாள். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து இரண்டு மணிக்கு அவளிடமிருந்து தொலைபேசி வரும். டெமெட்ரிக்கின் அறையிலிருந்து "ஆமாம்மா, இல்லைம்மா, சாப்பிட்டேம்மா" என்று கேட்கும். ஓர்லீன் ஞாயிறு இரண்டு மணிக்குச் சலவை இயந்திரத்தை ஓடவிடுவாள். வாரம் முழுக்கத் துவைக்க வேறு நேரமே கிடைக்காததுபோல.

அவன் பின்னோக்கி ஓடும் பயிற்சியை முதல் தடவை மைதானத்தில் பார்த்தபோது, இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டுக்குத் திரும்பி வரும் வழியில்தான் புரிந்தது. இவ்வளவு வருஷமாக அவளிடம் அவன் செய்துகொண்டிருந்தது அதைத்தான். முகம் அவள் பக்கம், கண் அவள்மேல், கால் மட்டும் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். அவள் ஒரு எட்டு வைத்தால் அவனும் ஒரு எட்டு. நடுவில் உள்ள இடைவெளி ஒருநாளும் கூடியதில்லை, குறைந்ததுமில்லை. விளையாட்டு ஞானிகள் இடுப்பு, கை, உயரம் என்று என்னவோ சொல்லிக்கொள்ளட்டும், இவனுக்கு வாய்த்தது அந்த இடைவெளியை அளக்கும் கண் என்று அவள் நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. பேருந்து ஓட்டுகிறவளை யார் கேட்டார்கள்?

உதவித்தொகை கிடைத்தால் நாலு வருஷப் படிப்பும் சாப்பாடும் இலவசம், கிடைக்காவிட்டால் லெமுவலோடு தீவன ஆலைதான் என்பதெல்லாம் அவளுக்கும் தெரியும். ஆனால் திங்கட்கிழமை சாயங்காலம் பன்றித் தொடையில் கிராம்பு குத்திக்கொண்டிருக்கும்போது அவள் மனம் அதில் இல்லை. நாளைக்கு ஒரு வெளியாள் வருவான். மேசைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் பையன். வந்தவன் இருவரையும் பார்ப்பான், பார்த்துவிட்டு, அம்மாவும் மகனும் என்று நினைப்பான். ஒரு சாயங்காலம் முழுக்க அப்படியே நினைத்துக்கொண்டிருப்பான். இதற்காகத் தன் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்வது அவளுக்கு வெட்கமாக இருந்தது. கிராம்பை வேண்டியதற்கு இரண்டு மடங்கு குத்திவிட்டாள்.

ப்ரென்ட் ஹால்ஸ்டெட் செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு, டில்லார்டின் காரிலேயே வந்து இறங்கினார். பல்கலைக்கழகத்தில் கார்னர் மாதிரிப் பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பயிற்சியாளர். நீளமான கைகளைப் பற்றி நாடெங்கும் போய் உரையாற்றுகிறவர். அவருடைய கை அவ்வளவு நீளமில்லை. பூட்ஸின் குதிகால் கனமாக இருந்தது. அதையும் சேர்த்து லெமுவல் அளவுக்கு வந்தார். அந்தக் காலத்தில் அவரும் கார்னராக ஆடியவர்தான், யாரும் அளக்காத ஏதோ ஒரு சின்னக் கல்லூரியில்.

"நாங்க ஆட்டக்காரனைத் தேடி வரலை, மேடம்," என்றார் தொப்பியைக் கழற்றியபடி. "குடும்பத்தைத் தேடி வர்றோம்." அன்றைக்கு இதே வாக்கியத்தை மூன்று வீடுகளில் சொல்லி, மூன்று வீட்டிலும் சாப்பிட்டிருந்தார். எந்த அம்மா வைத்ததையும் மறுக்கக்கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். உட்காரும்போது யாருக்கும் தெரியாமல் இடுப்பு வாரை ஒரு துளை தளர்த்திக்கொண்டார்.

டில்லார்ட் சொன்னபடி லெமுவல் உட்கார்ந்தே இருந்தான். கை கொடுக்கும்போதும் எழவில்லை. "முதுகு," என்றான். "எழுந்திருக்காதீங்க சார், எழுந்திருக்காதீங்க," என்றார் ஹால்ஸ்டெட். டில்லார்ட் எல்லாரையும் எழுப்பிக் கைகோக்க வைத்து, நன்றி ஜெபத்தை நீட்டினார். உணவுக்காக ஒரு வரியும், கர்த்தர் சிலருக்கு அளிக்கும் அவயவங்களின் நீளத்துக்காக நாலு வரியும் இருந்தன. லெமுவல் மட்டும் உட்கார்ந்தபடி, இரண்டு பக்கமும் கைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான்.

ஓர்லீன் நிமிர்ந்து நின்றாள். முப்பது வருஷத்துக்குப் பிறகு முதுகெலும்பு அதன் முழு நீளத்துக்கு வந்ததில் எங்கேயோ ஒன்று சொடக்கியது. குளிர்சாதனப் பெட்டியின் தலையில் இருந்த பெரிய தட்டை எட்டி எடுத்தாள். எட்ட வேண்டியதே இல்லை, சும்மா கையை நீட்டினாள், வந்துவிட்டது. ஹால்ஸ்டெட்டின் முள்கரண்டி அந்தரத்தில் நின்றது. மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று அவர் கண்கள் ஏறிப் போவதை அவள் பார்த்தாள். அருவருப்பாக இல்லை. வீடு வாங்க வந்தவன் உத்தரத்தைப் பார்க்கிறமாதிரி இருந்தது.

பேச்சு அது இது என்று போனது. டெமெட்ரிக் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். ஷூ அளவு பதிமூன்று என்றபோது ஹால்ஸ்டெட் தலையசைத்தார். கைக்குட்டையைக் கீழே போட்டுக் குனிந்து, மேசைக்கு அடியில் பையனின் கணுக்காலையும் பார்த்துக்கொண்டார். பிறகு வாயைத் துடைத்துவிட்டு ஓர்லீன் பக்கம் திரும்பினார்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு இந்த வளர்த்தி எந்த வயசுல வந்தது?"

கேட்டுவிட்டார். கேட்டால் சொல்லிவிடுவேன் என்று சொன்னவள் அவள். வாயைத் திறந்தாள். 'கோச், இவன் வளர்த்திக்கும் என் வளர்த்திக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை' என்ற வாக்கியம் தயாராகத்தான் இருந்தது, நேற்றிலிருந்தே.

"அம்மா," என்றான் டெமெட்ரிக். "அந்த பீன்ஸைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு."

அவள் பீன்ஸ் கிண்ணத்தைத் தள்ளினாள். அது போய்ச் சேர எடுத்துக்கொண்ட நேரம் அதிகம். மேசை அவ்வளவு நீளமில்லை. அவன் தலை குனிந்து பரிமாறிக்கொண்டிருந்தான். காது மடல் மட்டும் கறுத்துச் சிவந்திருந்தது. டில்லார்ட் சோளரொட்டியை உடைத்து, உடைத்ததையே மறுபடி உடைத்தார். அந்த 'அம்மா'வை யார் சொல்லிக் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. இந்த வார்த்தைக்கு ஒரு விலைச்சீட்டு தொங்குகிறது, அதில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் எழுதியிருக்கிறது. தெரிந்தும், கழுத்திலிருந்து முழங்கால்வரை வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. ஒன்பது வருஷம் அவள் வாசலில் நின்று கேட்ட ஒன்று. திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் கை விடவில்லை.

"பதினேழுக்கு மேலதான் வளர்ந்தேன்," என்றாள் ஹால்ஸ்டெட்டிடம். "மூணு அங்குலம்."

பதிமூன்று வயதிலேயே அவள் இதே உயரம். ஏழாம் வகுப்புப் படத்தில் ஆசிரியையை விட அரைத் தலை கூடுதலாக நின்றவள். லெமுவல் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டான், முதுகு நிஜமாகவே வலிப்பதுபோல.

"மூணு!" ஹால்ஸ்டெட் மேசையைத் தட்டினார். "நான் சொல்லலை, டில்லார்ட்? நான் வாசல்லயே சொன்னேனா இல்லையா?" அவர் சொல்லவில்லை; ஆனாலும் டில்லார்ட் "சொன்னீங்க, சொன்னீங்க" என்றார். ஹால்ஸ்டெட் கோட்டுப் பையிலிருந்து மஞ்சள் அளவு நாடாவை எடுத்தார். ஜெபமாலையை எடுப்பதுபோல எடுத்தார். "மேடம், ஒரே ஒரு நிமிஷம். உங்க கையை மட்டும் பக்கவாட்டுல நீட்டுங்க. இது என் சந்தோஷத்துக்கு."

ஓர்லீன் எழுந்து நின்று கையை நீட்டினாள். அவர் பூட்ஸ் நுனியில் எம்பி, நாடாவின் நுனியை அவள் தோள் எலும்பில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி, நடுவிரல்வரை இழுத்தார். "முப்பத்தி மூணரை," என்றார். "கர்த்தாவே. முப்பத்தி மூணரை." பிறகு அடுத்த கையையும் நீட்டச் சொன்னார். திரும்பி நிற்கச் சொன்னார். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே கண்ணாலேயே அளந்தார். "பையனை இப்படி வரச் சொல்லுங்க. ரெண்டு பேரும் முதுகோட முதுகு ஒட்டி நில்லுங்க, எவ்வளவு பாக்கின்னு பாத்துடலாம்." அவள் சிலுவைபோல இரண்டு கையையும் விரித்தபடி நின்றாள். இறக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. முதுகு ஒட்டி நிற்கப்போகிறான் என்பதிலேயே அவள் நினைப்பு இருந்தது.

டெமெட்ரிக் எழுந்தான். வரவில்லை.

"சார்," என்றான். "அவங்களை அளக்க வேண்டாம்."

"ஒரு நிமிஷம்தான், தம்பி..."

"அவங்க கை உங்களுக்கு எதுக்கு? அவங்க உங்களுக்கு ஆட வரலையே." குரல் உயரவே இல்லை. "சந்தையில மாட்டைத் திருப்பிப் பாக்கற மாதிரி பாக்கறீங்க. கையை இறக்குங்க, மிஸ் ஓர்லீன்."

அவள் இறக்கினாள்.

"நான் அவங்க வயித்துல பொறக்கலை, சார். என்னைப் பெத்தவங்க ஜாக்சன்வில்லுல இருக்காங்க. அஞ்சடி ஒரு அங்குலம், ஷூவோட. வேணும்னா நம்பர் தரேன், போய் அளந்துக்கங்க. இவங்க மிஸ் ஓர்லீன்."

அந்தப் பெயரை அவன் சொன்ன விதம் அவளுக்குப் புதிது. எந்த ஊர் என்று கேட்டால் சொந்த ஊரின் பெயரைச் சொல்கிறவனின் குரலில் சொன்னான். பீன்ஸுக்கு முன்னால் கிடைத்த வார்த்தை போய்விட்டது என்பது அவளுக்கு உடனே தெரியவில்லை. தெரிந்தபோது, எங்கே வலிக்க வேண்டும் என்று தேடினாள், அகப்படவில்லை.

ஹால்ஸ்டெட் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். டில்லார்ட் பீன்ஸ் கிண்ணத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், அதன் அடியில் இந்தச் சந்தர்ப்பத்துக்கு ஒரு வசனம் எழுதியிருப்பதுபோல.

"அப்போ," என்றார் ஹால்ஸ்டெட், கடைசி நம்பிக்கையாக. "அப்பா?"

லெமுவல் எழுந்து நின்றான், அன்று மாலை முதல் தடவையாக. எழுந்ததில் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சாப்பாடு எப்படியோ முடிந்தது. ஹால்ஸ்டெட் கெட்ட மனிதரில்லை; தட்டில் மீந்ததைக் கடைசிவரை தின்றார். பையனின் இடுப்பு நல்ல இடுப்பு, தொடர்பில் இருப்போம் என்றார். டில்லார்ட் காரைக் கிளப்பப் போனார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற ஹால்ஸ்டெட், படி இறங்கப் போனவர், தொழில் விடாமல் திரும்பினார். அவருடைய கண் மறுபடி அவள் மணிக்கட்டுக்குப் போய் வந்தது.

"மேடம், உங்களுக்குன்னு... சொந்தப் புள்ளைங்க யாராவது?"

ஓர்லீன் நிலைப்படியில் நிமிர்ந்துதான் நின்றாள். மறந்துபோய்க் கூன் போடாமல் இருந்துவிட்டாள்.

"ஒருத்தன் இருக்கான், சார்," என்றாள். "அஞ்சடி ஒம்போது அங்குலம்."

அவர் அவளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் நடையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றவனைப் பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். கார் தெருமுனை திரும்பும்வரை உள்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குள்ளே டில்லார்ட் இரண்டு கையையும் ஸ்டீரிங்கிலிருந்து எடுத்து எதையோ விளக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

லெமுவல் குப்பையைக் கொட்டப் போனான். அவ்வளவு நேரம் உட்கார்ந்ததற்கு ஈடாக எதையாவது தூக்க வேண்டும்போல இருந்தது அவனுக்கு. ஓர்லீன் தட்டுகளைக் கழுவினாள், டெமெட்ரிக் துடைத்து வைத்தான். மேல்தட்டில் வைக்க வேண்டியதை அவள் கையில் கொடுத்தான், கீழ்த்தட்டுக்கானதைத் தானே வைத்தான். எப்போதும் அப்படித்தான்.

"கோவமா?" என்றான்.

"எதுக்கு?"

"அந்தாளு முன்னாடி அப்படிச் சொன்னதுக்கு."

"நிஜத்தைத்தானே சொன்ன."

ஒரு தட்டை ரொம்ப நேரம் துடைத்தான். "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னேன்ல. பீன்ஸ் கேக்கறப்ப. அது கோச் சொல்லச் சொன்னது."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் மூணு அங்குலம்னு பொய் சொன்னீங்க?"

அவள் குழாயைத் திறந்தாள், மூடினாள். "வாயில வந்துடுச்சு," என்றாள்.

"எனக்கும்," என்றான் டெமெட்ரிக். பிறகு, அது எதற்கான பதில் என்று அவள் யோசிப்பதற்குள், "பீன்ஸ் நல்லா இருந்துச்சு. கறிலதான் கிராம்பு ஜாஸ்தி," என்று சேர்த்துக்கொண்டான். முகம் அவள் பக்கம்தான் இருந்தது. கால் பின்னால் போகவில்லை.

மேசைமேல் மஞ்சள் அளவு நாடா கிடந்தது. ஹால்ஸ்டெட் மறந்துவிட்டுப் போயிருந்தார். ஓர்லீன் அதை எடுத்து விரலில் சுற்றினாள், பிரித்தாள். எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு கதவு நிலையில் பென்சில் கோடுகள் இருக்கும், பக்கத்தில் தேதியோடு. இந்த வீட்டில் இல்லை. அவள் வந்தபோது அவனுக்கு எட்டு. முதல் ஏழு கோடுகளைப் போடாதவள் எட்டாவதைப் போட என்ன உரிமை என்று அன்றைக்குத் தோன்றியது. அப்படியே ஒன்பது வருஷம் தோன்றிக்கொண்டிருந்தது.

"வா இங்க," என்றாள். "ஷூவைக் கழட்டு."

"எதுக்கு?"

"நாளைக்கு வேற யாராவது வந்து கேட்டா? இந்த வீட்டுல உள்ளவங்களுக்காவது சரியா தெரியணும்ல."

அவன் சிரித்தான். ஷூவைக் கழற்றி, சாக்ஸையும் கழற்றி, சமையலறைக் கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்றான். ஓர்லீன் கார்ன்ஃப்ளேக்ஸ் அட்டைப்பெட்டியை எடுத்து அவன் தலைமேல் பட்டையாக வைத்தாள். குனிய வேண்டியிருந்தது, ஆனால் அது கூன் இல்லை. அவ்வளவு பக்கத்தில் அவன் தலைமயிரின் வாசனை அடித்தது, வியர்வையும் பள்ளிச் சோப்பும்.

"தலையை அழுத்தாதீங்க, மிஸ் ஓர்லீன்."

"அழுத்தலை. நீ குதிகாலை இறக்கு."

"இறக்கித்தான் இருக்கேன்."

அவள் தன் கால் பெருவிரலால் அவன் பாதத்தைத் தட்டினாள். குதிகால் இறங்கியது. குப்பையைக் கொட்டிவிட்டு வந்த லெமுவல் ஒன்றும் கேட்காமல் நாடாவின் கீழ்முனையைப் பிடித்துத் தரையில் உட்கார்ந்தான். அவள் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கோடு போட்டாள், தேதி எழுதினாள். டெமெட்ரிக் நகர்ந்துகொண்டு திரும்பிப் பார்த்தான். மூன்று பேரும் குனிந்து எண்ணைப் படித்தார்கள். நாடாவை இழுத்துப் பிடித்து மறுபடியும் ஒருமுறை படித்தார்கள்.

ஐந்தடி எட்டரை அங்குலம்.